மோர் மிளகாய் மெஷினில் ஒரு பாலே இசை

டேப்பை ஓட்டிய அரை நிமிஷத்தில் மெஷின் கீச்சென்று கத்தியது. நிறுத்திப் பார்த்தால், டேப் உரசிப் போகும் ஹெட் முழுக்கப் பழுப்புத் தூசி. டேப்பின் மேல்பூச்சில்தான் இசை இருக்கிறது. அது உதிர்ந்தால் போனது போனதுதான்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், பழைய டேப்புகளை எல்.பி. ரெக்கார்டாக வெளியிடும் சின்ன ஸ்டுடியோவில் டேப்பிலிருந்து இசையைப் பிரதி எடுக்கும் டிரான்ஸ்ஃபர் இன்ஜினியர் நான். இந்த டேப், ஓர் ஆங்கிலேய இசையமைப்பாளர் தன் பாலே நடன இசையைத் தானே ஆர்கெஸ்ட்ரா நடத்திப் பதிவு செய்தது. வேறு காப்பி கிடையாது. அவருடைய மகள் லண்டனிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். மறுநாள் மாலை அவருக்கு ஃப்ளைட். டேப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஈரம் இழுத்த டேப்பை இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்து உலர்த்தவேண்டும்; அப்போதுதான் பூச்சு உதிராமல் நிற்கும். அதற்கான எங்கள் எலெக்ட்ரிக் அடுப்போ ரிப்பேர். முதலாளி ரஃபீக் பாய் கீழக்கரைக்காரர். கவலை வந்தால் ஓரிடத்தில் உட்காரமாட்டார்.

"சிவா, உங்க வீட்ல காய் உலத்துற மெஷின் இருக்குல்ல?"

"இருக்கு பாய். அதுல மோர் மிளகாய் காயுது."

"எடுத்து வச்சிட்டுக் கொண்டாங்க."

பிளெய்ன்ஸ்பரோ வீட்டில் என் மனைவி மிளகாயை எடுத்துவிட்டு, மெஷின் தட்டுகளை சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்தாள். "வாசனை போகாது, இப்பவே சொல்லிட்டேன்."

அன்றிரவே டேப்பை அந்த மெஷினில் வைத்து, மறுநாள் மதியம் வெளியே எடுத்தேன். மகள் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மா ஃப்ளைட்ட மிஸ் பண்ணிருவாங்க. ஓட்டுங்க சிவா."

"சூடா ஓட்டினா டேப் நீளும் பாய். ஆறட்டும்."

"அத நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க."

சொன்னேன். அப்பா போனதிலிருந்து காத்திருக்கிறேன், இன்னும் கொஞ்ச நேரம்தானே என்றார் அவர்.

ஆறியபின் ஓட்டினேன். கீச்சுச் சத்தம் இல்லை. வயலின்கள், புல்லாங்குழல், எல்லாம் சுத்தம். கடைசி நடனத்தின் நடுவில் பட்டென்று சத்தம். டேப்பை வெட்டி ஒட்டியிருந்த பழைய ஜாயின்ட் ஒன்று விட்டுப்போய், டேப் நுனி படபடவென்று அடித்தது. மகள் எழுந்தே விட்டார். ரீலை உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தினேன். சூட்டில் ஜாயின்ட் பசை காய்ந்துவிடும். மெதுவாகச் சுற்றி ஒவ்வொன்றையும் பார்த்த பிறகுதான் ஓட்டவேண்டும். அன்று அதற்கு நேரமில்லை என்று விட்டிருந்தேன்.

நல்லவேளை, டேப் கசங்கவில்லை. இரண்டு நுனிகளையும் சேர்த்துப் புதிதாக ஒட்டினேன். மிச்சமும் பதிவானது.

மகள் டேப்பை வாங்கி முகர்ந்து, இது என்ன வாசனை என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். உள்ளதைச் சொன்னேன். வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வாசலில் யார் காத்திருந்தாலும் டேப் ஆற நேரம் கேளுங்கள். ஜாயின்ட் பார்க்கவும் சேர்த்துக் கேளுங்கள்.

அந்த டேப்பிலிருந்து வந்த ரெக்கார்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. கடைசி நடனம் வந்தால், ரீலைப் பிடிக்கப்போவதுபோல் என் கை தானாக முன்னால் நீளும்.

"உக்காருங்க," என்பாள் மனைவி. "அது ரெக்கார்டு. அறுந்து போகாது."