வெயிலில் வைத்துப் பார்த்த மானிட்டர்

நம்ம ஷூ கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வருது! மானிட்டர் வாங்க இன்னைக்கு வேலூர் லாங் பஜாருக்குப் போனோம், நானும், ஃபினிஷிங் செக்ஷன்ல தோல் கலர் பாக்கற ரஹீம் பாயும்.

நல்ல கலர் மானிட்டரா எடுத்தா, ஞாயித்துக்கிழமை அதையே கேன்டீன்ல வெச்சு கிரிக்கெட் பாக்கலாம்னு முதலாளி சொல்லிட்டார்.

கடைக்காரர் ஒரு மானிட்டர்ல வி.சி.ஆரை மாட்டி, அது வழியா டிவி நிகழ்ச்சியைக் காட்டினார். படம் பளபளன்னு வந்துச்சு.

பாய் பையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்தார். "ட்யூப்லைட்ல ஷேடு பாக்கக் கூடாதும்மா. வெயில்ல பாக்கணும்."

"பாய், இது தோல் இல்ல."

"கலர் எல்லாம் ஒண்ணுதான்!"

ஒயரை நீட்டி, கடைக்காரரோட மூணு பேரா தூக்கி வாசல்ல வெச்சோம். வெயில்ல படமே தெரியல, எங்க மூஞ்சிதான் தெரிஞ்சுது. கைவண்டிக்காரர் ஒருத்தர் நின்னு, "இன்னா படம் இது?"ன்னார்.

திரும்ப உள்ள கொண்டுபோய்ப் பாத்து, அதையே வாங்கிட்டோம். ஆம்பூர் வரைக்கும் பஸ்ல என் மடியிலதான் வந்துச்சு.

கேன்டீன்ல முதலாளி வீட்டு வி.சி.ஆரோட மாட்டினோம். கலர் பிரமாதம்! சத்தம்தான் வரல. மானிட்டர்ல ஸ்பீக்கரே இல்ல. பஜார் இரைச்சல்ல அதை யார் கவனிச்சா?

ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துடுங்க. யார் வீட்டு ரேடியோல கமெண்ட்ரி நல்லா கேக்கும்னு மட்டும் இப்பவே சொல்லுங்க.