நான் இறங்காத குண்டம்

எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்குக் குண்டம் இறங்குவதாக வேண்டிக்கொண்டு, மஞ்சள் வேட்டியோடு வரிசையிலும் நின்றேன். முன்னால் நின்றவர் நெருப்பில் இறங்கியதும் அனல் என் முகத்தில் அடித்தது. வாழைத்தார் சுமந்து காய்த்துப்போன தோளுக்கு இருந்த தைரியம் காலுக்கு இல்லை. வரிசைக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் நுழைந்து, சுற்றிப்போய், இறங்கி முடித்தவர்கள் கால் நனைக்கும் பால்குழியில் மட்டும் பயபக்தியோடு நின்றேன். கூட்டத்தில் தள்ளி நின்ற என் மனைவிக்குத் தெரிந்தது அது மட்டும்தான்.

அன்று வீட்டில், என் குதிகாலில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டாள். அது முன்பே இருந்ததுதான். ஆனால் சாட்சி தானாக வந்து நிற்கும்போது விரட்டுவானேன்? அம்மன் வைத்த சூடு என்றேன். பள்ளிக்கூடம் போகாதவனுக்குப் பொய்யில் மட்டும் நல்ல மார்க். டீக்கடையில் செருப்பைக் கழற்றிக் காட்டினேன். இரண்டு பேர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

இரண்டு வருடத்தில் அது புளியங்கொட்டை அளவானது. ஓரமெல்லாம் பூச்சி கடித்த இலை மாதிரி. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு. வலி கிடையாது. வளர்கிறதே என்று மனைவி கேட்டால், பக்தி வளர்கிறது என்பேன். அவளும் தினமும் கற்றாழை தடவினாள். செருப்பில் ரத்தம் ஒட்டிய அன்று என்னைச் சேலத்துக்கு இழுத்துப்போனாள்.

குண்டம் இறங்கிச் சுட்ட புண், ஆறவே இல்லை என்று டாக்டரம்மாவிடம் அவளே சொன்னாள். டாக்டரம்மா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுட்ட மாதிரி தெரியலையே. அதுக்கு முன்னாடி அங்க ஏதாவது இருந்துச்சா?"

மானமா, காலா?

"இருந்துச்சுங்க. சூடே படலீங்க. நான் குண்டமே இறங்கலீங்க."

மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்தாள்.

சதையில் துளி கிள்ளியெடுத்துச் சோதித்தார்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோயாம். நம் நிறத்துக்காரர்களுக்கு உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் பெரும்பாலும் ஒளிந்துகொள்ளுமாம். சுற்றியிருந்த நல்ல தோலையும் சேர்த்து வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்த்தார்கள். பரவவில்லை. முன்பே வந்திருந்தால் வெட்டு சின்னதாக இருந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. என் வாய் நீளத்துக்கு வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேலம். நடுவில் மனைவி என்னை வாசல் வெயிலில் உட்காரவைத்து, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல உள்ளங்கால், விரலிடுக்கு, நகம் எல்லாம் பார்க்கிறாள். அந்தப் பொய்யைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வருடப் பண்டிகைக்குப் பெயர் எழுத வந்த கோயில்காரர், குண்டம் இறங்குகிறீர்களா என்று என்னைத்தான் கேட்டார். பதில் வீட்டுக்குள்ளேயிருந்து, மனைவியிடமிருந்து வந்தது.

"அவருக்குப் பால்குழி மட்டும் போதுமுங்க."