அடுக்கம் ரோட்டில் பார்த்த பத்து நிமிடக் கிரகணம்

என் தம்பி சேகரைப் பொறுத்தவரை பூமி தட்டை. இரண்டு வருடமாகச் செல்போனில் வீடியோ பார்த்துச் சேர்த்த ஞானம். அது அவனோடு போயிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பேன். பொய் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடம் எதற்கு என்று, ஒன்பதாவது படிக்கிற மகள் நிவேதாவைப் பொங்கலோடு நிறுத்திவிட்டான். "கண்ணால காட்டுண்ணே, நாளைக்கே அனுப்புறேன்" என்றான். அதற்காகத்தான் மாசிப் பௌர்ணமி சந்திர கிரகணத்தன்று இந்தப் பயணம்.

அன்றைக்கு நிலா கிரகணத்தோடேயே உதிக்கும். கிழக்கு திறந்த உயரமான இடம் வேண்டும். கொடைக்கானல் டவுன் கூட்டத்துக்குப் பயந்து, பெரியகுளத்திலிருந்து ஏறும் அடுக்கம் ரோட்டைப் பிடித்தோம். மதுரையில் மதியம் பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். வாடகைக் கார், டிரைவர் பேட்டாவோடு நாலாயிரத்து ஐந்நூறு. பெரியகுளம் வரை சுமார் எண்பது கிலோமீட்டர். அதற்கு மேல் குறுகல் ரோடு, விடாத வளைவுகள். நிவேதா வாந்தி எடுத்துக் களைத்துவிட்டாள். அடுக்கத்தில் டீக்கடை சாத்தியிருந்தது. கிரகணம் விட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவார்களாம்.

ஊர் தாண்டி ஒரு வளைவில் நிறுத்தினோம். "நான் எறங்க மாட்டேங்க. வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா. பாத்துட்டு வெரசா வாங்க" என்று டிரைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஆறரை வாக்கில் நிலா வந்தது, ஓரத்தில் கடித்த அப்பளம் மாதிரி. பைனாகுலரில் நிழலின் வளைவு சுத்தமாகத் தெரிந்தது. பைனாகுலரைச் சேகரிடம் நீட்டினேன். சேகரும் பார்த்தான்.

"தெரியுதுண்ணே. தட்டோட நெழலும் வட்டமாத்தானே விழும்?"

இதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். டிபன் தட்டைக் கிடையாகப் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துக் காட்டினேன். "சூரியன் நமக்குப் பின்னாடி இப்பத்தான் எறங்குது. நிலா முன்னாடி இப்பத்தான் ஏறுது. நடுவுல தட்டு கெடந்தா, நெழல் கோடு மாதிரில்ல விழணும்?" காரின் மேல் விழுந்த நிழல் கோடாகத்தான் இருந்தது. பொறுமையாகப் பார்த்தான்.

"சரி. நிலா மேல விழுறது பூமியோட நெழல்தான்னு யாருண்ணே போய்ப் பாத்தா?"

அதற்குள் கீழிருந்து பனிமூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. நிவேதாவிடம் திரும்பினேன். எங்கள் மூவரில் அவள்தான் பைனாகுலரை அதிக நேரம் வைத்திருந்தாள். பார்க்கும்போது, "ஐயோ, வளைவா இருக்கு" என்று தனக்குள்ளே சொன்னது என் காதில் விழுந்தது.

"நீ சொல்லும்மா, என்ன பாத்த?"

அவள் அப்பா முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலை பெரியப்பா. ஒரே பனி."

அதோடு மலையிறங்கினோம். நிவேதா இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது.

நீங்கள் போவதானால் பகலிலேயே மலையேறுங்கள். சாயங்காலம் பனி எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. கிரகண நாளில் கடை இருக்காது, சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் அவசியம். என்னைப்போல் யாருக்காவது காட்டத்தான் போகிறீர்கள் என்றால், பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.