பிளாஸ்திரி போட்ட கேபிள்

பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவில் அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி வானொலியில் பேசுகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஊர் முழுக்கத் தேடினாலும் மூன்றாவது ஆள் கிடைக்கமாட்டார். அந்த இரண்டு பேரும் ஒரே மதிலின் இந்தப்புறமும் அந்தப்புறமும் குடியிருந்ததுதான் வம்பாகப் போயிற்று.

ஒருவர் என் அப்பா. தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். மாலை ஆறரை மணிக்கு மதுரை, கோயம்புத்தூர், கொழும்பு என்று ஏழெட்டு நண்பர்களோடு காற்றில் கூடுவார். உலக விவகாரங்களைப் பேசுவார்கள் என்று தெருவில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசியதெல்லாம் இன்றைக்கு அங்கே மழையா, நேற்றுக் கட்டிய ஏரியல் எப்படி வேலை செய்கிறது என்பதுதான்.

மற்றவர் பக்கத்து வீட்டுச் சாச்சி. அவளுடைய அக்கா பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டதால் நானும் சாச்சி என்றேன். அவள் கணவர், சாச்சா, சரக்குக் கப்பலில் வானொலி அதிகாரி. கல்யாணமான புதிதில் அவர் கற்றுக்கொடுத்ததை வைத்துப் பரீட்சை எழுதி அவளும் உரிமம் வாங்கியிருந்தாள். வெளியூருக்குப் போன் பேச டிரங்க் கால் கிடைக்கவே அரை நாள் ஆகும் காலம் அது. நடுக்கடலுக்கு அதுவும் கிடையாது. அவருக்குக் கப்பலில் வேலை முடியும் நேரம் நமக்கு மாலை ஆறரை. அதிலிருந்து அரை மணி நேரம்தான் அவள் குடும்ப வாழ்க்கை.

நான் வீட்டுப்பாடம் எழுதுவது சாச்சி வீட்டில். சாச்சாவின் குரல் இரைச்சலுக்குள் மெல்லிசாக வரும். உடனே அதன் மேல் ஏறிக்கொண்டு ஒரு வாத்து கத்தும். அந்த வாத்து என் அப்பாதான் என்று தெரிய எனக்கு நாலைந்து நாள் ஆயிற்று. சாச்சி ஆறு மாதமாக அதைப் பொறுத்துக்கொண்டு காதில் ஹெட்போனை அழுத்திப் பிடித்திருந்திருக்கிறாள்.

நான் வீட்டில் சொன்னேன். அப்பாவுக்குக் கோபம் வந்தது.

"நான் ஏழு மெகாசைக்கிள்ல பேசுதேன். அந்தப் பிள்ள பதினாலுல பேசுது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. ஏழின் இரட்டை பதினான்கு. அப்பாவின் குரலில் ஒரு துண்டு அந்த இரட்டையில் போய் விழுந்தது. அது போதாதென்று, பக்கத்து வீட்டிலிருந்து வரும் அலையின் பலம் தாங்காமல் சாச்சியின் வானொலிப் பெட்டியே திக்குமுக்காடியது. இதெல்லாம் அப்பாவுக்கும் தெரியும். அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது.

"அதுக்கு இருக்கது அந்த அரை மணி நேரந்தான். நீங்க மழ பெஞ்ச கதைய ஏழு மணிக்குச் சொன்னா என்ன?" என்றாள்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, நேரத்தை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லப் போனார். சாச்சி கேட்கவில்லை.

"நேரத்தெல்லாம் மாத்தாதீங்க அண்ணாச்சி. ஆளுக்கொரு வால் வெட்டி மாட்டுவோம். சரியாப் போவும்."

புத்தகத்தில் அதற்கு 'ஸ்டப்' என்று பேர். ஏரியலிலிருந்து பெட்டிக்கு வரும் கேபிளில் ஒரு கிளை வைத்து, அதில் இன்னொரு கேபிள் துண்டைத் தொங்கவிடுவது. அந்தத் துண்டின் நீளம் சரியாக இருந்தால் வேண்டாத அலையை அது விழுங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை சாச்சி ஏழு மீட்டருக்கு ஒரு சாண் கூடவே வைத்து இரண்டு துண்டுகள் அளந்தாள். அலையளக்கும் மீட்டரின் முள்ளைப் பார்த்துப் பார்த்து, நகம் வெட்டுவதுபோல நுனியைப் பைய நறுக்கினாள். அப்பா ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைச் சூடாக்கிக் கொடுத்தார்.

அன்று மாலை சாச்சாவின் குரல் வந்தது. அப்பாவும் பேசிக்கொண்டிருந்தார். வாத்து வரவில்லை. சாச்சி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஒலிபெருக்கியிலேயே கேட்டாள்.

நான் கவனித்தது வேறொன்றை. அப்பாவின் வால் நுனியில் நடுக்கம்பியையும் அதைச் சுற்றிய மேல்வலையையும் சேர்த்துப் பற்றவைத்து அழகாகச் சுற்றியிருந்தது. சாச்சியின் வாலில் இரண்டும் பிரிந்து மொட்டையாகக் கிடந்தன. சாச்சி எப்போதும் அப்படித்தான். மரத்தில் பழுத்த கொய்யாவை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அணில் கடித்ததை அவள் தின்பாள். நல்ல வாலை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு அரைகுறையை அவள் வைத்துக்கொண்டாள் என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை. புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சாச்சி கொல்லையில் இருந்த நேரம் பார்த்து, கம்பியையும் வலையையும் சேர்த்து முறுக்கினேன். எங்கள் வீட்டு மருந்து டப்பாவிலிருந்து பிளாஸ்திரி கொண்டுவந்து கட்டும் போட்டேன்.

அன்று காலைச் செய்தியில், வளைகுடாப் பக்கம் ஒரு சரக்குக் கப்பல் குண்டு பட்டு எரிகிறது என்று சொல்லியிருந்தார்கள். கப்பலின் பேரைச் சொல்லவில்லை. சாச்சாவின் கப்பலும் அந்தப் பக்கம்தான். சாச்சி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆறரை ஆயிற்று. பெட்டியில் இரைச்சல்கூட இல்லை. சாச்சி கூப்பிட்டாள், கேட்டாள், மறுபடி கூப்பிட்டாள். ஆறே முக்கால் ஆனபோது குமிழை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஓடிப்போய் அப்பாவக் கூட்டிட்டு வா ராசாத்தி."

அப்பா நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளாமலே பேச்சை நிறுத்தினார். தன் கேபிளிலிருந்து வாலைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பதினான்குக்குத் திருப்பினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, சாச்சியின் அழைப்புக்குறியைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அப்பா மதில்மேல் எட்டிக் கத்தினார். "இருக்காரு தங்கச்சி! கூப்பிடுதாரு! ஒம் பெட்டியிலதான் கோளாறு!"

அப்பாவின் ஏரியலை வைத்து அந்த அலைவரிசையில் கேட்கலாமே தவிர, பேச முடியாது. மதிலைத் தாண்டிக் குதித்தார். நான் சுற்றிக்கொண்டு ஓடி வந்தேன். கேபிளைத் தடவிக்கொண்டே போன அவர் கை பிளாஸ்திரியில் நின்றது.

"இது யாரு வேல?"

"நாந்தான். அது மட்டும் மொட்டையாக் கெடந்துச்சு..."

"ஏட்டி, அது மொட்டையாத்தான் கெடக்கணும். ரெண்டையும் சேத்துட்டா என்னோட அலைய விட்டுட்டு இவ அலைய முழுங்கிரும்."

பிய்த்து எறிந்து கம்பியைப் பிரித்தார். அறை முழுக்கச் சாச்சாவின் குரல் வந்து விழுந்தது. சாச்சி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என்னை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் மைக்கை எடுத்தாள். அப்பா சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார்.

"இருக்கீகளா?" என்றாள். "இங்கன கரண்டு போயிருச்சு. அதான் பிந்திருச்சு."

சாச்சா என்ன கறி என்று கேட்டார். முருங்கைக்காய் என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. கப்பல் சமையற்காரர் உப்பை அள்ளிக் கொட்டுவதாக அவர் சொன்னார். எதிர்வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, ஒன்று மட்டும் கறுப்பு என்று இவள் சொன்னாள். எரிகிற கப்பலைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மிச்சமிருந்த பத்து நிமிஷமும் பூனையிலேயே போயிற்று.

எனக்குப் பெரிய ஏமாற்றம். அப்பா மதில் தாண்டிக் குதித்தது இதற்குத்தானா என்று இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் குறையாகச் சொன்னேன்.

"சாச்சி முக்கியமா ஒண்ணுமே பேசலம்மா."

"அப்படியா?" என்றாள் அம்மா. அப்புறம் ஒரு சட்டியில் சோறும் குழம்பும் எடுத்து மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். முருங்கைக்காய் சமைத்திருக்கிறவளுக்கு எதற்குச் சோறு என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.