மாமியார் பெயரில் ஒரு டிக்கெட்

பிரவீனா விமானம் ஓட்டுகிறவர். ஹைதராபாத்தில் வேலை. கணவர் சுரேந்தருக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை. அதைப் பூட்டிவிட்டு அவரால் போக முடியாது. ஒரு வயது மகள் தேஜஸ்ரீ தாயோடு இருக்கிறாள். பிரவீனா வெளியூரில் தங்க வேண்டிய வாரங்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவருடைய அம்மா கருப்பாத்தாள் கோவையிலிருந்து ரயிலேறிப் போவார். முழங்கால் தேய்ந்துபோனபின், இனி ரயிலில் முடியாது என்று சொல்லிவிட்டார். அம்மா வராவிட்டால் பிரவீனா வேலையை விட வேண்டியதுதான்.

விமானக் கம்பெனி ஊழியர் குடும்பத்துக்கு ஸ்டாஃப் டிக்கெட் தருகிறது. இருக்கை காலியிருந்தால் ஏறலாம். இல்லாவிட்டால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். பெரியவர்களில் ஒருவருக்கு உண்டு. ஆண்களுக்கு அது தாய் அல்லது தகப்பன். கல்யாணமான பெண்களுக்கு மாமனார் அல்லது மாமியார். மாமனார் இப்போது இல்லை. ஆக டிக்கெட், பெரியநாயக்கன்பாளையத்தில் நான்கு மாடுகளோடு இருக்கும் மாமியார் சென்னியம்மாளுக்கு. அவர் ஒருமுறையும் போனதில்லை.

"எம்பட டிக்கெட்டுல உங்கம்மா போகட்டும் அம்மணி, நானா வேண்டாங்கறேன்?" என்பார். அப்படி மாற்ற முடியாது என்று பிரவீனா பலமுறை விளக்கியிருந்தார்.

இந்த வருடம் சங்கத்துக்கும் கம்பெனிக்கும் புதிய ஒப்பந்தப் பேச்சு நடந்தது. சங்கத்தின் பக்கம் உட்கார்ந்தவர்களில் பிரவீனாவும் ஒருவர். கல்யாணமான பெண்களின் பெற்றோருக்கும் டிக்கெட் வேண்டும் என்ற கோரிக்கையை, தன் வீட்டுக் காரியமாயிற்றே என்று கூச்சப்பட்டு, அவரே கடைசியில் வைத்தார். ஓய்வு நேரம், வெளியூர்ப் படி எல்லாவற்றுக்கும் மற்றவர்களுக்காக வாதாடினார். அவருடையது வந்தபோது எல்லோரும் களைத்திருந்தார்கள். கூடுதல் இருக்கை கிடையாது என்றது கம்பெனி. அடுத்த ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் சங்கச் செயலாளர் கிருபாசங்கர்.

கையெழுத்துக்கு முன்னால் ஊர் ஊராக உறுப்பினர்களின் சம்மதம் கேட்டார்கள். கோவைக்காரர்கள் காந்திபுரத்தில் ஒரு ஓட்டல் மாடியில் கூடினார்கள். பேச்சில் உட்கார்ந்தவர் என்ற முறையில் அங்கே வந்திருந்த பிரவீனா எழுந்து, இந்தக் கோரிக்கை இல்லாமல் சம்மதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மூத்த விமானி நஞ்சுண்டன் சிரித்தார். "பந்தியில கடைசியா உக்காந்துபோட்டு எலையில ஒண்ணுமில்லீன்னா எப்புடிங்க அம்மணி? ஒரு சீட்டுக்காக எல்லாத்தையும் நிறுத்தோணுங்களா?"

"சேத்திக் கேக்கலீங்க," என்றார் பிரவீனா. "எங்கத்தை பேர எடுத்துப்போட்டு எங்கம்மா பேரப் போடச் சொல்றேன். ஒருத்தருன்னா ஒருத்தராவே இருக்கட்டும். அது யாருன்னு நாம சொல்லிக்கலாங்க."

பேச்சுவார்த்தையில் இப்படிக் கேட்க அவருக்கே தோன்றியிருக்கவில்லை. மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தது இப்போதுதான் உறைத்தது.

பின்வரிசையில் இருந்த கௌதமன், தனக்குத் தாய் தகப்பன் இல்லை, இருப்பது மாமனார் மட்டும்தான், அவருக்கு இதுவரை வழியில்லை என்றார்.

"பொண்ணு குடுத்த ஊட்டுக்கு வக்காலத்தா?" என்றார் நஞ்சுண்டன். ஆனால் கைகள் உயர்ந்தன. அவர் கை மட்டும் கடைசிவரை உயரவில்லை.

மற்ற ஊர்களும் ஒத்துக்கொண்டன. கூடுதல் இருக்கை கேட்காததால் கம்பெனியும் இறங்கி வந்தது, ஒரு நிபந்தனையோடு: ஒருமுறை பெயரை மாற்றினால் திரும்ப மாற்ற முடியாது.

பிரவீனா பெரியநாயக்கன்பாளையம் போய்ச் சொன்னார். "நல்லதாப் போச்சு கண்ணு," என்று சொல்லிவிட்டுச் சென்னியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். திரும்பி வந்தபோதுதான் கேட்டார்:

"அப்ப எனக்கு இனிக் கெடையாதா அம்மணி?"

ஒருமுறை மாற்றினால் மாற்றியதுதான் என்றார் பிரவீனா.

"பேர எடுக்கறதுக்கு முன்னால ஒருக்கா போய்ப்போட்டு வந்தர்றேன். மாட்ட சுரேந்தரு பாத்துக்கட்டும்."

சுரேந்தர் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து பால் கறந்தார். காலை விமானத்தில் இடமில்லை. மாலை விமானத்தில் சென்னியம்மாள் ஏறினார், பேத்திக்கு நெய்யோடு. இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பியதும் கருப்பாத்தாளுக்குப் போன் செய்தார்.

"சம்பந்தி, ஏர்போர்ட்டுக்குப் போனா டிக்கெட் கவுண்டர் பக்கத்துலயே உக்காந்துக்குங்க. பேரு கூப்புடறது தள்ளி இருந்தா காதுல உழுகறதில்லீங்க."