கையில் கொடுத்தனுப்பிய கடிதம்

2011 ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தமானிலிருந்து முதலாளி போன் செய்தார். நான் தாம்பரத்தில் மைத்துனர் வீட்டு முன்னறையில் பலகைக் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். முதுகெலும்பில் காசநோய். புரண்டு படுக்கக்கூட என் மனைவி கிரேஸ் கைகொடுக்க வேண்டும்.

"என்ன வே செல்வராஜ், பதினஞ்சாம் தேதிக்குள்ள வந்து சேரும். இல்லன்னா நீரா வேலைய விட்டுட்டதா எழுதிக்கிடுவேன்."

"அண்ணாச்சி, ரெண்டு மாசம் அசையக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சர்ட்டிபிகேட் மே மாசமே அனுப்பிட்டேனே."

"எனக்கு ஒரு காயிதமும் வரல." போனை வைத்துவிட்டார்.

வேலை போனால் வீடும் போகும். போர்ட் பிளேரில், லம்பா லைனில் நாங்கள் குடியிருந்தது நான் வேலை செய்த கப்பல் ஏஜென்சி கொடுத்த வீடு. என் இரண்டு மகள்களும் கிரேஸின் தங்கையோடு அங்கே இருந்தார்கள். மூத்தவள் பத்தாம் வகுப்பு. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஜெபிக்கவும் வரவில்லை.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சுனாமியில் அவருடைய குடோன் முழுவதும் தண்ணீரில் போனது. அந்த மாதங்களில் வேலையாட்கள் யாரையும் அவர் வேலையைவிட்டு அனுப்பவில்லை. தன் வீட்டிலேயே சோறு போட்டார். பிப்ரவரியில் வலி தாங்காமல் நான் மெயின்லேண்டுக்கு, சென்னைக்குப் புறப்பட்டபோதும், "போயிட்டு வாரும், பாத்துக்கிடலாம்" என்றுதான் சொன்னார். ஏப்ரலில் என் நாற்காலியில் டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து மிதாலி என்ற வங்காளப் பெண்ணை உட்காரவைத்தார். அதன்பிறகு என் போனை எடுப்பதில்லை.

சான்றிதழை நான் பதிவுத் தபாலில் அனுப்பவில்லை. தீவுக்காரர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். கப்பலில் தெரிந்தவர் யாராவது போவார். அவர் கையில் கொடுத்துவிடுவோம். மருந்து, மாவு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்படித்தான் வந்து சேருகின்றன. சரக்குக் கப்பல் ஏஜென்சியில் பதினான்கு வருடம் வேலை செய்த எனக்கு, தபாலைவிடக் கப்பல் பயணிமேல்தான் நம்பிக்கை அதிகம். போர்ட் பிளேர் ஷாதிபூரில் கடை வைத்திருக்கும் காதர் பாய் கொள்முதலுக்குச் சென்னை வந்திருந்தார். உறையை அவரிடம் கொடுத்தேன். நகல்கூட எடுத்து வைக்கவில்லை.

முதலாளியின் போனுக்குப் பிறகு காதர் பாயிடம் கேட்டேன்.

"ஜெட்டியில எறங்கி நேரா உங்க ஆபீஸுக்குத்தான் போனேன், அண்ணே. அந்தப் பெங்காலி அம்மா கையிலதான் கொடுத்தேன். அல்லா சாட்சி."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் அவளுக்கு வேலை இல்லை. அவள் மறைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் இது சாட்சியே அல்ல. அடுத்த மூன்று வாரமும் நான் ஆண்டவரிடம் கேட்டது என் முதுகுக்காக அல்ல. அவளுக்கு வேலை பிடிபடாமல் போகவேண்டும், கணக்கில் தப்பு வரவேண்டும், முதலாளியே அவளைத் துரத்தவேண்டும். பெயர் சொல்லிக் கேட்டேன். கண்ணீரோடும் கேட்டேன். ஷாதிபூரில் நம் சபையின் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் நீங்கள் எனக்காக முழங்காலில் நின்றபோது, நான் ஒருத்திக்கு விரோதமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்தாம் தேதி கடந்தது. ஆகஸ்ட் முடிவுக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனதாக மகள் போனில் அழுதாள்.

ஜூலையில் ஒரு நாள் எக்ஸ்ரே வரிசையில் தள்ளுநாற்காலியில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் மடியில் ஒரு டிபன் டப்பா இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் கொண்டுபோகும் டப்பா. மிதாலியும் இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் காலையில் புறப்படுவாள் என்று தோன்றியது. யாருக்காகவோ தானே அவளும் வேலை செய்கிறாள்? எங்கிருந்து அந்த நினைப்பு வந்தது என்று எனக்குத் தெரியாது. அதன்பிறகு பழைய ஜெபம் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, நடந்தது நடந்தபடி வெளியே வரட்டும். அவளையும் விட்டுவிடாதேயும்" என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் இடுப்புப் பெல்ட்டோடு கப்பல் ஏறினேன். நான்காம் நாள் போர்ட் பிளேர். மறுநாளே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"ரஜிஸ்ட்ரி கா ரசீத் ஹை?"

பதிவுத் தபால் ரசீது இல்லை, ஆள் கையில் அனுப்பினேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "யஹான் சப் ஐசே ஹி பேஜ்தே ஹைன்" என்றார். இங்கே எல்லோரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் காகிதம் இல்லாமல் அவர் என்ன எழுத முடியும்?

வெளியே வந்ததும் கிரேஸ் கேட்டாள். "ஏங்க, கையில வர்ற கடுதாசிக்கெல்லாம் நீங்க ஒரு நோட்டு போட்டிருந்தீங்களே, அது என்னாச்சு?"

சுனாமிக்குப் பின் தபால் நின்றிருந்த நாட்களில் ஆபீஸில் நான் தொடங்கிய நோட்டு அது. அதற்கு முன்பு ஓர் உள்ளூர் நாளிதழுக்குச் சில காலம் செய்தி எழுதிக்கொடுத்திருந்தேன். யார், என்று, எங்கே என்று குறிக்கும் பழக்கம் அங்கே வந்தது. என்ன தேதி, எந்தக் கப்பல், யார் கொண்டுவந்தார், என்ன காகிதம், யார் வாங்கிக்கொண்டார்: ஐந்து பத்திகள், நானே கோடு போட்டவை.

"மறைச்சவ எழுதி வச்சிருப்பாளா?" என்றேன்.

"போய்ப் பாத்தாத்தானே தெரியும். வாங்க."

முதலாளி மேசையில்தான் இருந்தார். என் பெல்ட்டைப் பார்த்தார். எழுந்து தானே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும். ஆனா நான் சொன்னது சொன்னதுதான் வே. காயிதம் வரல."

"அண்ணாச்சி, கை நோட்டை ஒருக்கா பாத்துட்டுப் போயிருதேன்."

"அதுல என்ன இருக்கப்போவுது?"

யாரும் எடுக்கச் சொல்லவில்லை. மிதாலி எழுந்து அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துவந்தாள். நாற்பது வயதிருக்கும், நெற்றியில் பொட்டு இல்லை. பக்கத்தைத் தேடவும் இல்லை. அங்கே ஒரு நீலத் துண்டுக் காகிதம் ஏற்கெனவே செருகப்பட்டிருந்தது.

மே மாதம், ஒரு வியாழக்கிழமை. கப்பலின் பெயர். கொண்டுவந்தவர் காதர் பாய். செல்வராஜின் டாக்டர் கடிதம், விடுப்பு ஆகஸ்ட் வரை. வாங்கிக்கொண்டவர் என்ற பத்தியில், இந்தியில், 'மாலிக்'. முதலாளி.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு மூணு கப்பல் சரக்கு வே. பையில போட்டு மறந்திருப்பேன்" என்றார். பிறகு அவளிடம், "யே க்யூன் லிகா?" என்று கேட்டார். ஏன் எழுதினாய்?

"சிட்டி ஆயா தா, மாலிக். ஆயா தோ லிக்னா படேகா னா." கடிதம் வந்தது, வந்ததை எழுதத்தானே வேண்டும். என்னைப் பார்த்து, "லைன் தோ ஆப் ஹி கா ஹை, பாய் சாப்" என்றாள். கோடு நீங்கள் போட்டதுதானே.

அந்தக் கடிதம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். படித்துத்தான் எழுதியிருக்கிறாள். பக்கத்தைக் கிழித்திருக்கலாம். சும்மா இருந்திருந்தாலே போதும்.

முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. "திங்கக்கிழமை வாரும். மூட்டை கீட்டை தூக்கப்படாது" என்றார். வீட்டைப் பற்றி அவர் பேசவேயில்லை. மாதக் கடைசி வந்தது. யாரும் காலி செய்யச் சொல்லி வரவில்லை.

மிதாலிக்காக நான் வாய் திறந்தபோது, "உம்ம சோலியப் பாரும் வே" என்று கத்தினார். மூன்று நாள் கழித்து அவளைக் குடோன் கணக்குக்கு மாற்றினார். அங்கே வெயில் அதிகம். ஆனால் வேலை இருக்கிறது. இன்றும் அங்கேதான் இருக்கிறாள். அவளுக்கு ஒரு மகன், கல்லூரிக்குப் போகிறான். நான் என்னவெல்லாம் ஜெபித்தேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "அச்சா ஹுவா, பகவான் நே சுனா நஹீன்" என்றாள். நல்லவேளை, கடவுள் அதைக் கேட்கவில்லை.

முதுகு ஆறிவிட்டது. குனிந்து செருப்பு மாட்ட முடிகிறது. ஆண்டவருக்கு நன்றி சொல்லும்போது, தந்ததற்கு மட்டுமல்ல, நான் கேட்டும் தராததற்கும் சேர்த்தே சொல்லுகிறேன்.

அன்பான சகோதர சகோதரிகளே, உங்களில் யாராவது இன்று படுக்கையில் கிடக்கலாம். மேலதிகாரி போனை எடுக்காமல் இருக்கலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அது என் அனுபவம். பிறகு ஜெபியுங்கள், பயப்படாமல் நம்பி ஜெபியுங்கள். யாருக்கு விரோதமாகவாவது ஒரு பெயர் நாக்கில் வந்தால் மட்டும் சற்று நிறுத்துங்கள். உங்களுக்கான பதிலை அந்தப் பெயருக்குரியவர் கைதான் எழுதிக்கொண்டிருக்கலாம்.