அடிக்குறிப்பு பதினேழு

அறிவுசார் சொத்துரிமைச் சட்ட இதழுக்கு ப்ரூஃப் பார்ப்பவனுக்கு முதல் தகுதி, யாரையும் நம்பாமல் இருப்பது. இந்த வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இல்லாத பக்கம்

காப்புரிமை பற்றி எழுதிய ஒரு வழக்கறிஞர், ஒரு நூலின் 412ஆம் பக்கத்தைச் சான்றாகக் காட்டியிருந்தார். நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். நூல் 380இல் முடிந்துவிட்டது. போனில் கேட்டதும் சிரித்தார்: "அடிக்குறிப்பெல்லாம் யார் சார் படிக்கிறாங்க, உங்களை விட்டா?"

தெரிந்த எண்

அண்மையில் ஒரு பேராசிரியரின் கட்டுரை வந்தது. அடிக்குறிப்பு பதினேழில் ஒரு தீர்ப்பு, பக்கம் 241. உண்மையில் அந்தத் தீர்ப்பு இருப்பது 214இல். 241 என்பது என் தவறு.

மூலப் பிரதியை ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் ப்ரூஃபைப் பார்க்க வேண்டும். வீட்டில் என் மனைவி வாசிப்பாள். போன வருடம் அவள் இறந்த பத்தாம் நாள், எளாவூர் ஸ்டெல்லாவின் கட்டுரையைத் தனியாகப் பார்த்தேன். ஸ்டெல்லா சட்டக் கல்லூரி விரிவுரையாளர். அவர் 214 என்று சரியாக எழுதிக் கொடுத்தது, சின்னக் கல்லூரி இதழ் ஒன்றில் 241 என்று தவறாக அச்சானது. யாரும் கவனிக்கவில்லை. அதை எடுத்துக்கொண்ட பேராசிரியர் வாக்கியங்களை மட்டும் மாற்றியிருந்தார். அடிக்குறிப்புகள் அதே வரிசையில், என் தவறோடு இருந்தன.

திருவள்ளூரில் அச்சுக்கோப்பு அலுவலகம் நடத்தும் என் முதலாளி பாஸ்கரனிடம் சொன்னேன். "அவரு எம்மாம் பெரிய ஆளு! அவருக்கும் அதே மாதிரி கை தவறிருக்கும். பேஜாரு பண்ணாதேண்ணே."

என் கையெழுத்து

ஸ்டெல்லாவைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கட்டுரை அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் இயல். லாரி இரைச்சலுக்கு நடுவே சொன்னார்: "எங்க காலேஜ் இதழை யார் பாத்தாங்க? பெரிய இதழ்ல அவர் பேர்ல வந்துட்டா, நான்தான் காப்பியடிச்சேன்னு சொல்லுவாங்க ஐயா."

அந்தத் தவறு எங்கள் அலுவலகத்தில்தான் பிறந்தது என்பதற்குச் சாட்சி இரண்டுதான். 214 என்றிருக்கும் அவருடைய மூலப் பிரதி, 241ஐத் திருத்தாமல் நான் கையெழுத்துப் போட்ட ப்ரூஃப். கையெழுத்துப் போட்ட பக்கத்தில் தவறு போனால் வேலை போகும் என்பது பாஸ்கரனின் சட்டம். இரண்டையும் அலமாரியிலிருந்து எடுத்து அவர் மேசையில் வைத்தேன். பதினேழு குறிப்புகளையும் விரல் வைத்து ஒப்பிட்டார். இதழாசிரியருக்குப் போன் போட்டுக் கட்டுரையை நிறுத்தச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "இன்னாண்ணே நீ, ஊர்ல கீற தப்பெல்லாம் புடிச்சிக்கினு உன்னுத வுட்டுட்ட! தனியா பாத்தா அப்பிடித்தான் ஆவும். உக்காரு, இனிமே நான் படிக்கிறேன், நீ பாரு."

இப்போது தினமும் அவர் சத்தமாக வாசிக்கிறார், நான் பார்க்கிறேன். சீக்கிரம் முடிக்க நடுவில் ஒரு வரியை விட்டுவிடுகிறாரோ என்ற சந்தேகம் மட்டும் எனக்குப் போகவில்லை.